"கேட்டுட்டேன், அனுப்பல"

மேடம், வணக்கம்.

கரூர் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுக்கு. மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். படிப்பு சுமார், ஆனால் பையன் தங்கம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் கேஸ் புக் பண்ண அவன் போனை எடுத்தால், நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப் திறந்தபடி கிடந்தது. யாருக்கு ஆள் இருக்கிறது, யார் எதுவரை போயிருக்கிறான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒருவன், "போட்டோ அனுப்பச் சொல்லுடா, அப்பத்தான் நம்புவோம்" என்கிறான். அதற்கு என் மகன், "கேட்டுட்டேன், அனுப்பல" என்று போட்டிருக்கிறான். அந்தப் பெண் அவனோடு டியூஷன் படிக்கிறவள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கேட்டதற்கு, "எல்லாரும் அப்படித்தாம்மா" என்கிறான். விஷயம் முழுசாகத் தெரியாமலே அவன் அப்பா போனை உடைக்க நிற்கிறார். பள்ளியில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது, "வீட்டில் படிச்சுக்கோங்க" என்று தாண்டிப் போய்விட்டார்களாம். அந்த வாரமே குரூப்பில் வீடியோ லிங்க் வந்திருக்கிறது. இதையெல்லாம் நான் உட்கார்ந்து பேசினால், தெரியாததையும் நானே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

"கேட்டுட்டேன், அனுப்பல." இதை உங்கள் மகன் யாரிடம் சொல்கிறான் என்று பாருங்கள். பையன்களிடம். அந்தப் பெண்ணிடம் போட்டோ கேட்டதில் ஆசை பாதி என்றால், குரூப்புக்குக் கணக்குக் காட்டுவது பாதி.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புப் பையன்களிடம், பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதச் சொன்னேன். வெளியே ஆளாளுக்குச் சவடால் விட்டவர்கள்தான். சீட்டைப் பிரித்தால், "எனக்கு மட்டும்தான் யாரும் இல்லை, எனக்கு ஏதாவது குறையா?" இதே "எனக்கு மட்டும்" வேறு வேறு கையெழுத்தில் திரும்பத் திரும்ப வந்தது. இன்னொரு கட்டு, தூக்கத்தில் விந்து போனால் உடம்பு இளைத்துவிடுமா என்று. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. நடுராத்திரி டிவியில் "சிறு வயதில் செய்த தவறுகள்" என்று ஆரம்பிக்கிற வைத்தியர்களும் பஸ் ஸ்டாண்டுச் சுவர் நோட்டீசும்தான் பல பையன்களுக்கு முதல் ஆசிரியர். (இளைக்காது. வயது வந்த பையன்களுக்கு அது இயல்பு. இதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.) "எல்லாரும் அப்படித்தான்" என்கிற அந்த எல்லாரும் பெரும்பாலும் வாயளவுக்குத்தான். அது அவனுக்குத் தெரியாது.

பேசினால் கெட்டுப்போவான் என்ற பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. 2005இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் பள்ளிகளுக்கு வந்தது. 2007இல் மகாராஷ்டிரா, கர்நாடகா உட்படச் சில மாநிலங்கள் நம் பண்பாட்டுக்கு ஆகாது என்று நிறுத்தின. பாடம் நின்றது, அப்புறம் மலிவு விலை டேட்டா வந்தது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ 2018 வழிகாட்டியில் சொல்வது நேர்மாறு: வயதுக்கேற்ற பாலியல் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரம் உறவில் இறங்குவதில்லை, தள்ளிப்போடவும் செய்கிறார்கள்.

சட்டத்தையும் அவனுக்குச் சொல்லுங்கள், மிரட்டலாக அல்ல, தகவலாக. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012 போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். அந்தப் பெண் தானே விரும்பி அனுப்பியிருந்தாலும், அதைக் குரூப்பில் காட்டினால் குற்றம். குழந்தைகளின் ஆபாசப் படத்தை வைத்திருப்பது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாலியல் கல்வி மேல்நாட்டுச் சரக்கு, பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற எண்ணம் தவறு என்றும் அதே தீர்ப்பில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு நீதிமன்றமே பதில் சொன்ன மாதிரி.

அந்தப் பெண் அனுப்பாதது அவளுக்கும் நல்லது, உங்கள் மகனுக்கும் நல்லது. அவள் முடியாது என்றதும் அவன் விட்டுவிட்டானா, இன்னும் நச்சரிக்கிறானா? முதலில் அதைக் கேளுங்கள். வேண்டாம் என்றவள் பின்னாலேயே சுற்றினால் கடைசியில் மசிவாள் என்று நம் சினிமா எத்தனை வருடமாகப் பாடம் எடுக்கிறது! "கேட்டது தப்பு, இனிமேல் கேட்க மாட்டேன்" என்று அவன் ஒரே ஒரு தடவை சொல்லட்டும். அதற்குமேல் மெசேஜ் வேண்டாம்.

எதிரே உட்காரவைத்து விசாரணை நடத்தாதீர்கள். வண்டியில் போகும்போதோ பூண்டு உரிக்கும்போதோ பேசலாம். முகம் பார்க்காவிட்டால் பையன்களுக்கு வாய் திறக்கும். "உன் போனைப் பார்த்துவிட்டேன், சொல்லாமல் பார்த்தது என் தப்பு" என்று ஆரம்பியுங்கள். கணவரிடம், போனை உடைத்தால் அவன் அடுத்தவன் போனில் பார்ப்பான் என்று சொல்லிப் பாருங்கள். ராத்திரி மட்டும் வீட்டில் எல்லோர் போனும் ஹாலில் சார்ஜ் ஏறட்டும், அவருடையதும்தான். பள்ளியில் அந்தப் பாடத்தை நடத்தச் சொல்லிக் கேளுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் இன்னும் இரண்டு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். மனசு தாங்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் பேசலாம், இலவசம்.

முதல் தடவை பேசியதும் அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவான். பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து, நீங்கள் தண்ணீர் பிடிக்கிற நேரமாகப் பார்த்து எதையோ கேட்பான். குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.