டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் தடுமாற்றம்) உள்ள மாணவர்களுக்குக் கற்பிப்பதும் அவர்களுடைய ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதும் எப்படிப்பட்ட வேலை? இந்தத் துறைக்கு வரலாமா?

வாருங்கள், ஆள் போதவில்லை. பி.எட். முடித்துவிட்டு யோசித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் சென்னையில் ஸ்பெஷல் எஜுகேட்டராக, அதாவது சிறப்புக் கல்வி ஆசிரியராகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். முதல் பாதி முழுக்கக் குழந்தைகளோடு ரிசோர்ஸ் ரூமில் (தனியாகக் கற்பிக்கும் அறையில்) போனது, பிற்பாதி பெரும்பாலும் வகுப்பாசிரியர்களுக்குப் பயிற்சி. இரண்டில் எது கடினம் என்றால் யோசிக்காமல் இரண்டாவது என்பேன். அதிகப் பலன் தருவதும் அதுதான். ஏனென்றால் ஒரு குழந்தை என்னிடம் இருப்பது வாரத்தில் சில பீரியட்கள், மீதி நேரமெல்லாம் அது நாற்பது பேர் உள்ள வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு, எழுதி முடிப்பதற்குள் அழித்துவிட்டார்களே என்று பதறிக்கொண்டு, "சோம்பேறி" என்ற பெயரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் ஒரு மணி நேரத்தில் கட்டுவதை அந்த வகுப்பு மிச்ச நேரத்தில் இடித்துவிட முடியும்.

டிஸ்லெக்சியா பற்றி அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது கண் கோளாறு இல்லை. எழுத்து தலைகீழாகத் தெரிகிறது என்று பலர் நம்புகிறார்கள், அதை நம்பிக் கண் பயிற்சிக்கும் கலர் கண்ணாடிக்கும் பணம் கட்டுகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையிலேயே, இவற்றால் டிஸ்லெக்சியா சரியாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிக்கல் இருப்பது பேச்சொலியில்: ஒரு சொல்லைத் தனித்தனி ஒலியாகப் பிரிப்பது, அந்த ஒலியை எழுத்தோடு சட்டென்று இணைப்பது. புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பரம்பரையாக வருவது அதிகம். அட்மிஷன் பாரத்தை நிரப்பும்போது அப்பா தயங்கித் தயங்கி, "நானும் சின்ன வயசுல இப்படித்தான் மேடம், பத்தாவதோட நின்னுட்டேன்" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களை யாரும் கவனிக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

இந்த வேலையின் உயிர் எது என்று கேட்டால், பிழைகளை வாசிக்கத் தெரிவது என்பேன். ஒரு உதாரணம் சொல்கிறேன், பயிற்சி வகுப்பில் நான் தவறாமல் கொடுப்பது. சொல்வதெழுதுதலில் வாழைப்பழம், பட்டம், கொடி என்று மூன்று சொற்கள். ஒரு குழந்தை "வாளப்பளம், பட்டம், கொடி" என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று "வாபழ், படம், கெடி". இரண்டு பேருக்கும் டிஸ்லெக்சியாவா என்று ஆசிரியர்களைக் கேட்பேன். ழகரப் பிழையைப் பார்த்ததும் முதல் குழந்தையின் மேல்தான் பலர் கை வைப்பார்கள், தமிழாசிரியர்கள் என்றால் இன்னும் வேகமாக. ஆனால் அந்தக் குழந்தை வீட்டில் பேசுவதை ஒரு ஒலி விடாமல் அப்படியே எழுதியிருக்கிறது. அதன் காது நன்றாக வேலை செய்கிறது, நிறைய வாசித்தால் ழவும் ஐகாரமும் வந்துவிடும். இரண்டாவது குழந்தைக்கு ஒலிகளே நழுவுகின்றன. வாழைப்பழத்தில் நடுப்பகுதி காணாமல் போயிருக்கிறது, பட்டத்தில் ஒற்று விழுந்து அது படமாகிவிட்டது, "கொ"வில் கொம்பு நின்றுவிட்டது, துணைக்கால் போய்விட்டது. சிவப்பு மையால் சுழித்து "0/3" என்று போட்டால் இவ்வளவு தகவலும் குப்பைக்குப் போகிறது. ஒரு நோட்டுப் பக்கத்தில் இப்படி ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த வாரம் என்ன பாடம் எடுக்க வேண்டும் என்பதைக் குழந்தையே எழுதிக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

தமிழ் எழுத்து ஒலிக்கு நெருக்கமானது, அதனால் இங்கே டிஸ்லெக்சியா தெரியாது என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. ஆங்கிலத்தில் தடுமாறுகிற அளவுக்குத் தமிழில் தப்பு வராமல் இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி வாசிப்பதால் வரி முடியும்போது தொடக்கம் மறந்துபோகும். அதோடு நம் எழுத்துக்கென்று தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. "கொடி" என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது ககரம், தாளில் முதலில் நிற்பது கொம்பு. ஒரே ஒகரத்துக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. கு, சு, து, மு எல்லாவற்றிலும் உகரம் ஒன்றுதான், அது ஒட்டிக்கொள்ளும் உருவம் மட்டும் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்கும் குழந்தை, அதே எழுத்து ஒரு சொல்லின் நடுவில் வந்தால் திணறுவது இதனால்தான். ஒப்பிப்பதை வைத்து "எழுத்தெல்லாம் தெரியும், படிக்கத்தான் மாட்டேங்கிறான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கற்பிக்கும் முறையில் ரகசியம் எதுவும் இல்லை. 1930களில் அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனோடு வேலை செய்த அன்னா கில்லிங்ஹாம், தன் சகா பெஸ்ஸி ஸ்டில்மனோடு சேர்ந்து உருவாக்கிய வழிதான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பல வடிவங்களில் நடக்கிறது. அவர்கள் அதை எழுதியது ஆசிரியர்களுக்கான கையேடாக என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எளிய ஒலியிலிருந்து தொடங்குவது, ஒன்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போவது, கண், காது, கை மூன்றையும் ஒரே நேரத்தில் வேலை வாங்குவது. குழந்தை மணல் தட்டில் விரலால் எழுதிக்கொண்டே அந்த ஒலியைச் சத்தமாகச் சொல்லும். (நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிக் கத்தியபடி படித்தது இதற்கு வெகு தூரத்தில் இல்லை.) ஆனால் மணல் மட்டும் போதும் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். வரிசையும், முந்தைய பாடத்தைத் தினமும் திருப்பிப் பார்ப்பதும் இல்லாவிட்டால் அது வெறும் விளையாட்டு.

ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறேன். கண்ணாடியைப் பார்த்து எழுதச் சொல்லி, "குழந்தையின் கஷ்டம் புரிகிறதா" என்று உணர வைக்கும் பயிற்சி பல இடங்களில் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அதில் இரக்கம் வரும், ஒரு வாரத்தில் போய்விடும், திங்கட்கிழமை காலை வகுப்பில் என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது. நான் "மரம்" என்ற சொல்லில் எத்தனை ஒலி என்று கேட்டு ஆரம்பிப்பேன். மூன்று என்பார்கள். எழுத்து மூன்று; ம், அ, ர், அ, ம் என்று ஒலி ஐந்து. "இது நாங்க இலக்கணத்துல நடத்துறதுதானே மிஸ்" என்று யாராவது சொல்வார்கள். ஆமாம், அதே உயிர்மெய்ப் பிரிப்புதான், ஆனால் இந்தக் குழந்தைக்கு அது இலக்கணப் பாடத்துக்கு வெகு காலம் முன்பே, எழுத்து இல்லாமல், காதால் மட்டும் விளையாட்டாக வேண்டும்: முதலில் சொல்லைக் கைதட்டி அசை அசையாகப் பிரிப்பது, அப்புறம் முதல் ஒலியைப் பிடிப்பது, அப்புறம் உயிர்மெய்யைப் பிரிப்பது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பிலிருந்து ஒரு குழந்தையின் நோட்டைக் கொண்டுவர வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து அது வாசிப்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வர வேண்டும். "இத்தனை வருஷம் இவன் படிக்கிறதை நான் தனியா கேட்டதே இல்ல" என்று ஒரு ஆசிரியை சொன்னார். நாற்பது பேர் வகுப்பில் அவருக்கு அந்த நேரத்தை யார் கொடுத்தார்கள்? ஆசிரியர்களைத் திட்டுவதற்காகப் பயிற்சிக்குப் போகாதீர்கள்.

குழந்தைக்கான குறைபாட்டுச் சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு (டிஸ்லெக்சியா அதில் ஒன்று) இல்லை, 2016 சட்டத்தில் பட்டியலிட்ட 21 வகைகளில் அதுவும் வந்தது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஸ்க்ரைப், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன, சி.பி.எஸ்.இ.யில் 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதல். இவை உரிமை, கேட்டு வாங்க வேண்டியவை. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் வந்து "சர்டிஃபிகேட் மட்டும் போதும்" என்று பெற்றோர் நிற்கும்போது மனசு கனத்துவிடும், அந்தப் பிள்ளைக்கு வாசிக்கவே யாரும் சொல்லித்தரவில்லை என்று தெரியும். முறையான மதிப்பீட்டைப் பொதுவாக 8 வயதுக்குப் பிறகுதான் செய்வார்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு விஷயம் தெரிந்திருந்தால் எந்தப் பெயரும் ஒட்டாமலே உதவியை ஆரம்பித்துவிடலாம்.

நடைமுறை: இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த சிறப்புக் கல்வி பி.எட். அல்லது டிப்ளமோ படித்து அங்கே பதிவு எண் வாங்க வேண்டும், அது இல்லாமல் ஸ்பெஷல் எஜுகேட்டர் என்று போட்டுக்கொள்ள முடியாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்வி பி.எட். நடத்தியிருக்கிறார்கள். வகுப்பாசிரியராகவே இருந்து கற்றுக்கொள்ள நினைத்தால் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து சென்னையில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் மாதிரி இடங்களில் ஆசிரியர்களுக்கான பயிற்சிகள் நடக்கும். சம்பளம் உழைப்புக்கு ஏற்றதாக இல்லை. அரசு வட்டார வள மையங்களில் வேலை பார்த்த சிறப்புப் பயிற்றுநர்கள் பல வருடம் தொகுப்பூதியத்திலேயே இருந்தார்கள். குடும்பத்தை நீங்கள் ஒருவரே தாங்க வேண்டிய நிலை என்றால் இதை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உங்களுக்குத் தமிழ் நன்றாக வரும் என்றால் இந்தத் துறைக்கு நீங்கள் இரட்டிப்புத் தேவை. கையில் கிடைக்கும் பாடப் பொருள்களில் பெரும்பகுதி ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதற்கானவை. ஒற்று, கொம்பு, துணைக்கால் என்று ஒவ்வொன்றாகக் கூடும்படி அடுக்கிய தமிழ்ச் சொற்பட்டியலும், அந்தச் சொற்களை மட்டும் வைத்து எழுதிய குட்டிக் கதைகளும் இன்னும் நிறைய வேண்டும். நாங்கள் நோட்டில் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.