விடியற்காலையும் தங்க ரேக்கும்

அன்புள்ள ஐயா,
அம்மாவுக்காக வள்ளியோடு நிற்கும் முருகனைத் தஞ்சாவூர்ப் பாணியில் வரைய ஆசை. விரதமிருந்து, பிரம்ம முகூர்த்தத்தில் உட்கார்ந்து வரைந்தால்தான் படத்தில் சாமி வரும் என்கிறார்கள். நானோ வேலைக்குப் போகிறவள். எப்படித் தயாராவது?
வாசகி, குடியாத்தம்

அன்புள்ள தங்கைக்கு,

விடியற்காலையிலேயே உட்காருங்கள். நான் சொல்லும் காரணம் வேறு. தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டும்போது மின்விசிறி ஓடக்கூடாது. மூச்சுப் பட்டாலே ரேக்கு எழும்பிவிடும். நம் வேலூர்ப் பக்கத்து மே மாதத்தில் பகல் பத்து மணிக்கு விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால், நெற்றி வியர்வை நேராக முருகன் கிரீடத்தில்தான் விழும். ஐந்து மணிக்குக் காற்றில் குளிர்ச்சி இருக்கும், தெருவில் சத்தம் இருக்காது, கையும் நிதானமாக ஓடும்.

சரி, உங்கள் கடிதத்தில் பலகையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பழைய பெயரே பலகைப் படம். முன்பு பலாப்பலகை, இப்போது பிளைவுட். அதன்மேல் காடாத் துணி ஒட்டி, சாக் பவுடரையும் கோந்தையும் குழைத்து மெல்லிசாகப் பூசி, நிழலில் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூச வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு இது தோதுதான். காலையில் ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் காய்ந்திருக்கும்.

நான் கற்றுக்கொண்ட புதிதில் 48 நாள் விரதமிருந்து ஓர் அம்மன் படம் செய்தேன். பூஜைத் தேதி நெருங்குகிறதே என்று ஒரே பூச்சாகக் கனமாகப் பூசி வெயிலில் வைத்துவிட்டேன். கல் பதித்து, ரேக்கும் ஒட்டிய பிறகு தோளில் வெடிப்பு ஓடியது. அன்று அழுதேன். வாய்க்குக் காட்டிய கட்டுப்பாட்டைப் பலகைக்குக் காட்டவில்லை.

மலையாம்பட்டு அருகே ஆர்மாமலைக் குகைக்குப் போயிருக்கிறீர்களா? 8-ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள். மிஞ்சியவை துண்டுகள்தான், ஆனாலும் ஆட்டு வாகனத்தில் அக்கினியை அடையாளம் காண முடிகிறது. அங்கே நின்றபோது நான் வண்ணத்தைவிட, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பூச்சைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

அப்புறம், கண். கல், புடைப்புக்கு வைக்கும் மக்குக் கலவை, ரேக்கு, வண்ணம் எல்லாம் முடிந்து கடைசியில்தான் கண் திறக்க வேண்டும், அதாவது சாமியின் கண்ணை வரைய வேண்டும். அதற்கு முந்தின வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வள்ளிமலை ஏறிவிட்டு வாருங்கள். கண் திறக்கும் அன்று விரதமிருக்க மனம் சொன்னால் இருங்கள். பசியில் கை நடுங்கும் என்றால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூரிகையை எடுங்கள்.