தட்டில் வட்டம், ரிப்போர்ட்டில் ஜிங்க்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குப்பைமேனி இலையின் மெத்தனால் சாற்றுக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமித் தட்டில் 17 மி.மீ. வட்டம் (கிருமி வளராத இடம்) வந்தது. தண்ணீர்ச் சாற்றுக்கு வட்டமே இல்லை. மெத்தனால் சாறுதான் வீரியமானது என்று ப்ராஜெக்ட்டில் எழுதலாமா?
- எம்.எஸ்ஸி. மாணவி, தஞ்சாவூர்

பதில்: அவசரப்படாதீர்கள். சாற்றில் மெத்தனால் மிச்சமிருந்தால் அதுவே கிருமியைக் கொன்றுவிடும். 40 டிகிரிக்கு மேல் போகாமல் முழுக்க உலர்த்தி, எடை போட்டு, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரையுங்கள். அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. மட்டும் ஊற்றிய குழி ஒன்று தட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு சாறுகளும் குழிக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒரே கணக்கில் போகவில்லை என்றால் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

அடுத்து, தட்டில் கிருமி வளரும் ஜெல்லியான அகாரைப் பாருங்கள். 90 மி.மீ. தட்டுக்கு முல்லர்-ஹின்டன் அகார் 25 மி.லி. ஊற்றினால் 4 மி.மீ. கனம் வரும். அதைவிட மெலிந்தால் வட்டம் சும்மாவே பெரிதாகும். கிருமிக் கலவை 0.5 மக்ஃபார்லண்டை (கலங்கலை ஒப்பிடும் அளவுகோல்) விட அடர்ந்தால் சுருங்கும். குழி வெட்டும்போது அடி அகார் தூக்கிக்கொண்டால் சாறு கீழே கசிந்து கோணல்மாணலாகப் பரவும். உருக்கிய அகார் ஒரு சொட்டு விட்டு அடியை அடைத்துவிடுங்கள். சாற்றின் பச்சைச் சாயம் பரவியதை வட்டம் என்று அளக்கிறவர்களும் உண்டு!

எல்லாம் சரியாக இருந்தாலும் வட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் அகாரில் நகராது; வீரியம் இருந்தும் வட்டம் சிறுத்துவிடும். 96 குழித் தட்டில் பாதி பாதியாக நீர்க்கவைத்து எம்.ஐ.சி. (கிருமி வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவு) பாருங்கள். சாற்றின் சாயம் கிருமி வளர்ந்த கலங்கலை மறைப்பதால் கடைசியில் நிறம் மாறும் ரெசசுரின் திரவம் விடுங்கள்: நீலமாகவே நின்றால் வளர்ச்சி இல்லை, இளஞ்சிவப்பானால் வளர்ந்திருக்கிறது. சில சாறுகள் கிருமி இல்லாமலே அதைச் சிவக்க வைக்கும். அதற்காகச் சாறு மட்டும் உள்ள குழி ஒன்றும் வேண்டும்.

கேள்வி: கணவருக்கு வாரம் 3 முறை டயாலிசிஸ். நாக்கில் ருசியே இல்லை என்கிறார். ரத்தத்தில் ஜிங்க் குறைவாம். ஜிங்க் மாத்திரையும் மூலிகைக் கஷாயமும் தரலாமா?
- வாசகி, மதுரை

பதில்: ஜிங்க் பெரும்பாலும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் ரத்தத்தில் ஓடுகிறது. ஆல்புமின் குறைந்தாலோ, உடம்பில் தொற்று இருந்தாலோ ஜிங்க்கும் இறங்கியே காட்டும். எனவே ஆல்புமின், தொற்றைக் காட்டிக்கொடுக்கும் சி.ஆர்.பி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தை டயாலிசிஸ் தொடங்குமுன், நுண்தாதுக்களுக்கென உள்ள அடர்நீல மூடிக் குழாயில் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்து ஜிங்க் கசியும். ரத்தச் சிவப்பணு உடைந்தாலும் அளவு பொய்யாக ஏறும்.

டயாலிசிஸில் இருக்கிற எல்லோருக்கும் வழக்கமாக ஜிங்க் கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் அமெரிக்கச் சிறுநீரக அறக்கட்டளையின் 2020ஆம் ஆண்டு கே.டி.ஓ.க்யூ.ஐ. வழிகாட்டுதலின் கருத்து. குறைவு உறுதியானால் டாக்டர் எழுதித் தருவார். ஜிங்க் சல்ஃபேட் 220 மி.கி. மாத்திரையில் உண்மையான ஜிங்க் 50 மி.கி.தான், அதுவே மாதக்கணக்கில் போனால் குடலில் தாமிரம் ஏறாமல் தடுக்கும். ரத்தசோகை, வெள்ளையணு குறைவு, கால் மரத்துப்போவது எல்லாம் வரும். அந்தச் சோகையைச் சிறுநீரகச் சோகை என்று நினைத்து ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொயட்டின் ஊசியைக் கூட்டிக்கொண்டே போகிற ஆபத்தும் உண்டு. ருசி போனதற்கு டயாலிசிஸ் போதாததும் காரணமாகலாம், அதையும் கேளுங்கள்.

கஷாயம் வேண்டவே வேண்டாம். இலை கொதித்த தண்ணீரில் பொட்டாசியம் இறங்கும். ஆடுதின்னாப்பாளை மூலிகையில் உள்ள அரிஸ்டலோகிக் அமிலமோ சிறுநீரகத்தையே அரிக்கும். பெல்ஜியத்தில் இந்த இனச் செடி கலந்த இளைக்கும் மாத்திரையால் சிறுநீரகம் கெட்ட பெண்களைப் பற்றி 1993லேயே எழுதிவிட்டார்கள்.

கேள்வி: டயாலிசிஸ் தண்ணீரில் அலுமினியம் பார்ப்பது ஏன்?
- டெக்னீஷியன் மாணவர், சேலம்

பதில்: நிமிடத்துக்கு 500 மி.லி. என்றால் 4 மணி நேரத்தில் 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம், குடல் என்ற காவல் இல்லாமல், ரத்தத்துக்கு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. குடிநீரைப் படிகாரம் போட்டுத் தெளிய வைப்பதால் அலுமினியம் வரும். 1970களில் அமெரிக்காவின் டென்வரில் நோயாளிகளுக்குப் பேச்சுக் குழறி, புத்தி மங்கியது இதனால்தான். வரம்பு லிட்டருக்கு 0.01 மி.கி.