வாசகர் கேள்வி: கோர்ட்டிலிருந்து தூதரகம் வரை

வக்கீலாக இருந்து அரசுப் பதவிக்கும், அப்புறம் தூதர் பதவிக்கும் போனவர்களில் நீங்கள் மிகவும் மதிப்பவர் யார்?
(சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

எம்.சி.சாக்ளா. யோசிக்கவே வேண்டியதில்லை. லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கி, பம்பாய் திரும்பி, ஜின்னாவிடம் ஜூனியராகச் சேர்ந்தவர். ஜின்னாவின் அரசியல் மதத்தின் பக்கம் சாயத் தொடங்கியதும் விலகிக்கொண்டார். 1941-ல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி, 1947-ல் தலைமை நீதிபதி.

அவரை நான் கொண்டாடுவது முக்கியமாக 1958-ல் நடந்த முந்த்ரா விசாரணைக்காக. ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் எல்.ஐ.சி. பணம் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய் போய் முடங்கியிருந்தது. காங்கிரஸ் எம்.பி. ஃபெரோஸ் காந்தி மக்களவையில் பிடித்த பிடியில் அரசு ஒரு நபர் கமிஷன் அமைத்தது. அந்த ஒருவர் சாக்ளா. விசாரணையை மக்கள் முன்னால்தான் நடத்துவேன் என்றார். உள்ளே இடம் கொள்ளாமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியே வந்து சாட்சி சொன்னார். செயலாளர் செய்ததற்கு நான் பொறுப்பில்லை என்று ஓர் அமைச்சர் கையைக் கழுவிவிட முடியாது என்று சாக்ளா அறிக்கையில் எழுதினார். கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். இத்தனைக்கும் அவர் நேருவுக்கு மிக வேண்டியவர். அதே ஆண்டிலேயே சாக்ளாவை அமெரிக்காவுக்குத் தூதராக அனுப்பியதும் நேரு அரசுதான். அந்தப் பெருந்தன்மையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் லண்டனில் ஹைகமிஷனர் (தூதருக்கு இணையான பதவி), டெல்லியில் கல்வி அமைச்சர். 1964-ல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் காஷ்மீர் விவகாரத்தில் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் பூட்டோவுக்கு எதிரே உட்கார்ந்து இந்தியாவுக்காக வாதாடினார். 1967-ல் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, பல்கலைக்கழகங்களில் பயிற்று மொழியை வேகமாக மாற்றும் கொள்கையை ஏற்க முடியாமல் ராஜினாமா செய்துவிட்டு மறுபடியும் கறுப்பு கோட்டு மாட்டிக்கொண்டார். அந்த மொழி விஷயத்தில் நான் அவர் கட்சி இல்லை. தமிழில் சட்டம் படிக்க வழி வேண்டும் என்பவன் நான். ஆனாலும் வெளியுறவு அமைச்சர் நாற்காலியை அப்படி விட்டுவிட்டு வர, கையில் தொழிலும் நெஞ்சில் உரமும் இருக்க வேண்டும். அவருக்கு இரண்டும் இருந்தன.

இன்றைக்கு என்னைப் போன்றவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறதா?
(அதே மாணவி)

திறந்துதான் இருக்கிறது. ஐ.எஃப்.எஸ். என்ற இந்திய வெளியுறவுப் பணி எல்லோருக்கும் தெரிந்தது. பலருக்குத் தெரியாதது, வெளியுறவு அமைச்சகத்தில் இருக்கும் சட்டம் மற்றும் ஒப்பந்தங்கள் பிரிவு. அங்கே சட்ட அதிகாரிகளை யு.பி.எஸ்.சி. தனியாகத் தேர்வு செய்கிறது. அந்தப் பிரிவில் உயர்ந்த நீரு சதா, வங்காளதேசத்துடனான கடல் எல்லை வழக்கில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தார். 2017-ல் ஹாம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் நீதிபதியாகத் தேர்வானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியப் பெண் அவர். கடல் எல்லை வழக்கின் தீர்ப்பு 2014 ஜூலையில் வந்தது, இணையத்தில் கிடைக்கிறது. நீளமானதுதான், பரவாயில்லை. வரைபடங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த விடுமுறையிலேயே படிக்க ஆரம்பியுங்கள்.