கனடாவில் 308 ரைபிளுக்கு வீட்டிலேயே ரவை நிரப்பும் அண்ணா எந்த வெடிமருந்து வாங்குவது?

உங்கள் அண்ணா அல்பேர்ட்டாவில் மான் வேட்டைக்கு 308 வின்செஸ்டர் ரைபிள் வைத்திருக்கிறார், 150 கிரெயின் நிறையுள்ள சன்னமும் (ரவையின் முனையிலிருந்து பறந்து போகும் குண்டு) வாங்கிவிட்டார், கடைத் தட்டில் வரிசையாக நிற்கும் வெடிமருந்து டின்களைப் பார்த்துத்தான் குழம்பிப் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அங்கே 18 வருடம் இருந்தவன். குளிர்கால இரவுகளில் வீட்டு பேஸ்மென்ட்டில், சுட்டு முடிந்த பித்தளைக் கோதில் மருந்தும் சன்னமும் போட்டு ரவை நிரப்பியிருக்கிறேன். இப்போது கொக்குவிலில் இருக்கிறேன்.

இங்கே இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. இலங்கையில் 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மருந்தைத் தொடவே கூடாது. காணி கொத்தும்போது பழைய ரவை கிடைத்தாலும் அதைப் பிரித்து மருந்து எடுக்கிற எண்ணம் வரக்கூடாது.

சரி, மருந்துக்கு வருவோம். எல்லாப் புகையில்லா மருந்தும் ஒரே வேகத்தில் எரிவதில்லை. காவோலையை அடுப்பில் வைத்தால் குப்பென்று எரிந்து முடிந்துவிடும், ஊமல் நின்று கனலும். கைத்துப்பாக்கி மருந்து காவோலை மாதிரி. அதை ரைபிள் கோதுக்குள் நிரப்பினால், சன்னம் சற்று நகர்வதற்குள்ளேயே அமுக்கம் அளவுக்கு மீறி ஏறி துவக்கே வெடித்துவிடலாம். சன்னம் பாரமாக ஆக, குழாயின் துளையோடு பார்க்கும்போது கோது பெரிதாக ஆக, மெதுவாக எரியும் மருந்து தேவை. 308 நடுத்தரம். 150 முதல் 168 கிரெயின் சன்னத்துக்குப் பலரும் போவது வார்கெட், ஐ.எம்.ஆர் 4064, எச் 4895 ஆகியவற்றில் ஒன்றுக்குத்தான். நான் அண்ணாவுக்கு வார்கெட்டைச் சொல்வேன். வெப்பநிலை மாறினாலும் வேகம் அதிகம் மாறாத வகை அது. ஆடி மாத வெயிலில் சுட்டுப் பார்த்த ரவையை நவம்பர் உறைபனியில் மானுக்குக் கொண்டு போகிறவருக்கு இது பெரிய விஷயம். 4064 சின்னக் குச்சி குச்சியாக இருக்கும், அந்தக் குச்சிகள் நீளமானவை, மருந்தை அளந்து கொட்டும் அளவைக் கருவியில் சிக்கிச் சிக்கி விழும். எப்படியும் புதிதாகத் தொடங்குபவர் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும்.

இந்த மூன்றும் கோதைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். அது நல்லது. கவனம் சிதறி ஒரே கோதில் இரண்டு தடவை போட்டால் மருந்து வழிந்து கண்ணுக்குத் தெரிந்துவிடும். மறுபக்கம், மெதுவான மருந்தைப் பாதி நிரப்பினால் பாதுகாப்பு என்றும் நினைக்கக் கூடாது. பெரிய கோதில் மெதுவான மருந்து கொஞ்சமாகக் கிடந்து அமுக்கம் தாறுமாறாக ஏறிய சம்பவங்கள் உண்டு. எந்தச் சன்னத்துக்கு எவ்வளவு மருந்து என்று சொல்லும் ரவை நிரப்பும் புத்தகத்தில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு போட்டிருக்கும். தொடக்க அளவுக்குக் கீழே போகவும் கூடாது, அங்கே தொடங்காமல் மேலே ஏறவும் கூடாது.

அப்புறம் பெயர். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நானே தவறியிருக்கிறேன். அப்போது என்னிடம் இருந்தது 270 ரைபிள். வேட்டைக்கு ஒன்றாகப் போகும் ஒருவர் தனக்குப் பொருந்திய அளவை ஒரு துண்டில் எழுதித் தந்தார், '4831' என்று மட்டும். நான் கடையில் ஐ.எம்.ஆர் 4831 வாங்கினேன். அவர் பாவித்தது எச் 4831. இலக்கம் ஒன்றுதான், மருந்து வேறு. இரண்டாம் உலகப் போரில் 20 மில்லிமீற்றர் பீரங்கிக்குச் செய்து மிஞ்சிய மருந்தை புரூஸ் ஹொட்ஜன் என்ற அமெரிக்க மருந்து வியாபாரி வாங்கி விற்றார், அந்த வழியில் வந்தது எச் 4831. ஐ.எம்.ஆர் பிறகு வந்தது, அதைவிடச் சற்று வேகமாக எரியும். முதல் வெடியோடு துவக்கின் போல்ட்டை (ரவையை உள்ளே வைத்துப் பூட்டும் கைப்பிடிக் கம்பி) தூக்க முடியவில்லை, உள்ளங்கையால் அடித்துத்தான் திறந்தேன். கோதின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. மிச்சம் 19 ரவையையும் அன்றிரவே பிரித்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் என் கண் போயிருக்கும்.

ஆகவே அண்ணா டின்னில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து புத்தகத்தோடு ஒப்பிடட்டும். எச் 4895 வேறு, ஐ.எம்.ஆர் 4895 வேறு. எரியும் வேகப் பட்டியலில் இரண்டு மருந்து அடுத்தடுத்து நிற்பதால் ஒன்றின் அளவை மற்றதற்குப் போட முடியாது. அந்தப் பட்டியல் வெறும் வரிசை, எவ்வளவு இடைவெளி என்று சொல்லாது. யாரோ எழுதித் தந்த அளவும் வேண்டாம், மருந்துக் கம்பனியோ சன்னக் கம்பனியோ வெளியிட்ட அண்மைய அட்டவணை போதும். முதலில் சன்னத்தின் நிறையை அட்டவணையில் தேடட்டும், அதற்கு நேரே இருக்கும் மருந்துகளில் கடையில் எப்போதும் கிடைக்கும் ஒன்றை வாங்கட்டும். நல்ல மருந்து என்று வாங்கி, அடுத்த டின் கிடைக்காமல் போனால் எல்லாவற்றையும் திரும்பத் தொடக்க அளவிலிருந்து சுட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

வேலை செய்யும் மேசையில் ஒரு டின் மட்டும் இருக்கட்டும். முடிந்ததும் அளவைக் கருவியில் மிஞ்சியதை அதே டின்னில் திருப்பிக் கொட்டி மூடச் சொல்லுங்கள். இரவு முழுக்கக் கருவியில் கிடந்த, எந்த டின்னிலிருந்து வந்தது என்று நூறு வீதம் உறுதியில்லாத மருந்தை ஒரு கோதிலும் போடக் கூடாது.