டிரைவருக்கு மெமரி கிடைக்காமல் போனால்: கேள்வி பதில்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு, சாதனங்களை இயக்கும் டிரைவர்களைச் சி மொழியில் எழுதுவது என் பிழைப்பு. மெமரி கேட்டுக் கிடைக்காத நேரத்தை டிரைவர் எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மற்ற இயங்குதளங்களைப் பற்றி மேலோட்டமாகத்தான் பேச முடியும்.

கேள்வி: சார், சாதாரண நிரலில், மெமரி கேட்கும் மாலாக் ஃபங்ஷன் 'நல்' (எதையும் காட்டாத வெற்று முகவரி) திருப்பி நான் பார்த்ததே இல்லை. கெர்னலில் மட்டும் ஏன் இத்தனை பயமுறுத்தல்?

பதில்: சாதாரண நிரலுக்கு லினக்ஸ் கையில் இல்லாததையும் தருவதாக ஒப்புக்கொள்ளும். மாலாக் தருவது வெறும் முகவரி. அந்த முகவரியில் உள்ள பக்கத்தை (மெமரியின் ஒரு சிறு அலகு) முதன்முதலில் தொடும்போதுதான் அசல் மெமரி வந்து சேரும். பற்றாக்குறை வந்தால் 'நல்' வராது, ஏதாவது ஒரு நிரலைக் கெர்னல் கொன்றுவிடும். கெர்னலுக்குள் மெமரி கேட்கும் கேமல்லாக் அப்படி இல்லை. கேட்ட அந்த நொடியே அசல் மெமரியைத் தரும், இல்லையென்றால் 'நல்'. அதைப் பார்க்காமல் தொட்டால் டிரைவரோடு நிற்காது. கையில் ஒரு லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பிடித்தபடி விழுந்தால், அந்த லாக்குக்காகக் காத்திருப்பவர்கள் எல்லோரும் அப்படியே உறைந்துபோவார்கள்.

பாதுகாப்பு ஓட்டையும் உண்டு. தாக்குபவர்கள் பூஜ்ய முகவரியில் தங்கள் பக்கத்தை வைத்துவிட்டு, 'நல்' பாயின்ட்டர் (முகவரி வைக்கும் மாறி) வழியாகக் கெர்னல் அங்கே வந்து விழும்படி செய்வார்கள். 2009-இல் இப்படிப்பட்ட தாக்குதல்கள் பெரிதாகப் பேசப்பட்டன. இப்போது எம்மேப் மின் அட்ரஸ் என்ற வரம்பு கீழ் முகவரிகளை அடைத்து வைத்திருக்கிறது.

கேள்வி: 'நல்' என்றால் மைனஸ் ஈநோமெம் (மெமரி இல்லை என்ற பிழை எண்) திருப்பிவிட்டால் போதும்தானே?

பதில்: போதாது. 'நல்' பார்ப்பது ஒரு வரி. வந்த வழியே ஒழுங்காகத் திரும்பிப் போவதுதான் வேலை.

சாதனம் டிரைவரோடு சேரும்போது ஓடும் ப்ரோப் ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். முதலில் சாதனத்தின் விவரங்களை வைக்கும் ஸ்ட்ரக்டுக்கு மெமரி வாங்குகிறீர்கள். அப்புறம் இன்டரப்டை (சாதனம் கவனத்தை ஈர்க்க அனுப்பும் சைகை) பதிவு செய்கிறீர்கள். அப்புறம் டிஎம்ஏ ரிங்குக்கு (சாதனம் நேரடியாக மெமரியில் படிக்க, எழுத உதவும் வட்ட வரிசை) மெமரி கேட்கிறீர்கள், கிடைக்கவில்லை. இப்போது வாங்கிய வரிசைக்கு நேர் எதிராக, முதலில் இன்டரப்டையும் அப்புறம் ஸ்ட்ரக்டையும் விட வேண்டும். மாற்றிச் செய்தால் இடையில் இன்டரப்ட் அடிக்கும்போது அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் ஃபங்ஷன் விடுவிக்கப்பட்ட மெமரியில் கை வைக்கும். கெர்னலில் இதற்கு வழக்கம், குறித்த லேபிளுக்குத் தாவும் கோட்டூ கட்டளைதான். கல்லூரியில் கோட்டூ கூடாது என்று சொல்லிக் கொடுத்ததை இங்கே மறந்துவிடலாம். லேபிளுக்கு எர்ர்1, எர்ர்2 என்று எண் கொடுக்காதீர்கள். நடுவில் ஒரு படி சேர்ந்தால் எண்கள் குழம்பிவிடும். எதை விடுவிக்கிறதோ அதையே பெயராக வையுங்கள்.

நான் சொன்ன வரிசையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது, கவனித்தீர்களா? ரிங் வருவதற்கு முன்பே இன்டரப்டைப் பதிவு செய்துவிட்டோம். அந்த லைனை வேறொரு சாதனமும் பகிர்ந்துகொண்டால், அது அடிக்கும் இன்டரப்டுக்கும் உங்கள் ஹேண்ட்லர் ஓடும். ரிங் பாயின்ட்டரோ இன்னும் 'நல்'. வாங்குவதெல்லாம் முதலில், ஹார்டுவேரைத் தொடுவது பிறகு. இதை இன்று இன்னும் பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கோட்டூவுக்கு முன்னால் திருப்ப வேண்டிய மாறியில் ஈநோமெம் வைக்க மறந்துவிடுவார்கள். முந்தைய படி வெற்றியாக முடிந்து வைத்த பூஜ்யம் அப்படியே திரும்பும். எல்லாவற்றையும் விடுவித்தாயிற்று, ஆனால் ப்ரோப் வெற்றி என்று கெர்னல் நம்பிக்கொண்டிருக்கும். பிறகு எப்போதோ, சாதனம் கழலும்போது ரிமூவ் ஃபங்ஷன் ஓடி, விட்டதையே மறுபடி விடும். கிராஷ் ஓரிடத்தில், காரணம் வேறிடத்தில்.

கேள்வி: டெவ்எம் வகை ஃபங்ஷன்களைப் பயன்படுத்தினால் இந்தக் கோட்டூ எதுவும் வேண்டாமே?

பதில்: பெரும்பாலும் உண்மை, நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ப்ரோப் தோற்றாலும், சாதனம் கழன்றாலும் எதிர்வரிசையில் தானே விடுவித்துவிடும். இரண்டு இடத்தில் காலை வாரும். டெவ்எம் வழியாக இன்டரப்ட் வாங்கிவிட்டு, அந்த ஹேண்ட்லர் தொடும் பஃபரை (தரவு வைக்கும் மெமரி) சாதாரண கேமல்லாக்கில் வாங்கி ரிமூவில் கேஃப்ரீ மூலம் விடுவித்தால், பஃபர் முதலில் போய்விடும். இன்டரப்ட் அதற்குப் பிறகுதான் போகும். இரண்டாவது, பயனர் சாதனக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது சாதனத்தைப் பிடுங்கினால் டெவ்எம் மெமரி போய்விடும், ஆனால் திறந்த கோப்பு இன்னும் இருக்கும். அந்தக் கோப்பு தொடும் ஸ்ட்ரக்டை டெவ்எம்மில் வாங்காதீர்கள், எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று (ரெஃபரன்ஸ்) எண்ணி, கடைசி ஆள் போன பிறகு விடுங்கள்.

கேள்வி: கேமல்லாக்கிடம் எப்படித் தர வேண்டும் என்று சொல்லும் கொடிகளில், ஜிஎஃப்பி அடாமிக் தூங்காதாமே (காத்திருக்காதாமே). பாதுகாப்புக்கு எல்லா இடத்திலும் அதையே போட்டுவிடலாமா?

பதில்: நேர்மாறான பலன் கிடைக்கும். ஜிஎஃப்பி கெர்னல் என்ற வழக்கமான கொடியோடு கேட்டால், கெர்னல் உங்களைத் தூங்க வைத்துவிட்டுப் பழைய பக்கங்களைக் காலி செய்து மெமரி தேடிக் கொடுக்கும். அடாமிக் கேட்டால் அந்த நேரம் கையில் இருப்பதும், அவசரச் சேமிப்பில் ஒரு பங்கும்தான். அதனால் தோல்வி அதிகம். தேவையில்லாமல் கேட்டால், இன்டரப்டில் நிஜமாகவே தூங்க முடியாதவன் பங்கையும் தின்றுவிடுவீர்கள்.

கேள்வி: ஸ்பின்லாக் (பிடித்தவர் தூங்கக் கூடாத லாக்) பிடித்திருக்கும்போது மெமரி வேண்டுமென்றால்?

பதில்: லாக் பிடிக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். தேவைப்படவில்லை என்றால் லாக்கை விட்ட பிறகு கேஃப்ரீ. அதற்கு 'நல்' கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது.

கேள்வி: மெமரி கிடைக்கவில்லை என்று லாகில் (கெர்னலின் பதிவேட்டில்) ஒரு வரி எழுதலாமா?

பதில்: வேண்டாம். கெர்னலே, எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்ற பட்டியலோடு (ஸ்டாக்) எழுதும். நிரலைச் சரிபார்க்கும் செக்பேட்ச் கருவி உங்கள் வரியைப் பார்த்தால் திட்டும்.

கேள்வி: ஒரு சந்தேகம். நான்கு கிலோபைட் பக்கம் உள்ள கணினியில் 32 கிலோபைட் வரை ஜிஎஃப்பி கெர்னல் தோற்பதே இல்லை என்கிறார்கள். அப்படியானால் நீங்கள் சொல்லும் கோடு (நிரல் வரிகள்) எல்லாம் ஒருபோதும் ஓடாத கோடுதானே?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் சொல்வது கிட்டத்தட்ட சரி. எட்டுப் பக்கம் வரையிலான கோரிக்கையைக் கெர்னல் எளிதில் கைவிடாது. திரும்பத் திரும்ப முயலும், கடைசியில் ஓஓஎம் கில்லரைக் கூப்பிட்டு, ஓடும் ஒரு நிரலை (புராசஸை) கொன்றாவது தரும். ஆனால் இது நடைமுறை, வாக்குறுதி இல்லை. ஓஓஎம் கில்லர் கொல்லத் தேர்ந்தெடுத்த புராசஸே அந்த நேரம் உங்கள் டிரைவருக்குள் இருந்தால், அதன் கோரிக்கைக்கு 'நல்' வரலாம். புராசஸ் குழுவுக்கு வரம்பு வைக்கும் சிகுரூப் கணக்கில் சேரும் ஒதுக்கீடு, வரம்பு தாண்டினால் தோற்கும். 32 கிலோபைட்டுக்கு மேலே போனால் காலி மெமரி நிறைய இருந்தும், துண்டு துண்டாகக் கிடப்பதால் தோற்கும். பிராக் கோப்பகத்தில் படிஇன்ஃபோ கோப்பைத் திறந்து பாருங்கள்: இடப்பக்கம் ஆயிரக்கணக்கில் ஒற்றைப் பக்கங்கள், வலப்பக்கம் பெரிய தொடர் துண்டுகளுக்குப் போகப் போகப் பூஜ்யம்.

கேள்வி: முந்தைய கேள்வி கேட்டவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓடாத கோடு சோதிக்கப்படாத கோடு. மெமரி தோல்வியால் வந்த பிழையைவிட, அதைக் கையாள எழுதிய கோடால் வந்த பிழைதான் அதிகம். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் எம் வெயிட்ஓகே கொடி கொடுத்தால் 'நல்' வராது என்று உறுதியே தருகிறார்கள். லினக்ஸும் தந்தால் என்ன?

பதில்: ஃப்ரீபிஎஸ்டி பற்றிச் சொன்னது சரி. அங்கே அது ஒப்பந்தம், லினக்ஸ் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. இங்கே தோற்கவே கூடாது என்று கேட்கும் நோஃபெயில் என்ற கொடி இருக்கிறது, ஆனால் அது திரும்பிப் போக வழியே இல்லாத இடங்களுக்கு. பாதி எழுதிய ஜர்னலோடு (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவு) நிற்கும் ஃபைல் சிஸ்டம் மாதிரி. உங்கள் ப்ரோப் தாராளமாகத் திரும்பிப் போகலாம். போதாததற்கு, கையில் ஒரு மியூடெக்ஸ் (இன்னொரு வகை லாக்) வைத்துக்கொண்டு முடிவில்லாமல் காத்திருக்கிறீர்கள், மெமரியை விடுவிக்க வேண்டியவன் அதே மியூடெக்ஸுக்காகக் காத்திருக்கிறான் என்றால்? இருவரும் நகர மாட்டீர்கள், அதுதான் டெட்லாக். ஒரு ஈநோமெம் அதைவிட மேல்.

கேள்வி (அதே நபர்): டெட்லாக் அபூர்வம். பிழையான கோட்டூ தினமும் வருகிறது.

பதில்: அதற்கு மருந்து கோட்டூவை நீக்குவது இல்லை, ஓட்டிப் பார்ப்பது. கெர்னலிலேயே ஃபெயில்ஸ்லாப் என்ற வசதி இருக்கிறது. மெமரி தாராளமாக இருக்கும்போதே வேண்டுமென்று 'நல்' தரும். ஆன் செய்து ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதில் இக்னோர் ஜிஎஃப்பி வெயிட் என்ற அமைப்பு தொடக்கத்திலேயே 'ஒய்' (ஆம்) என்று இருக்கும். அதாவது தூங்கக்கூடிய கோரிக்கைகளை, உங்கள் ஜிஎஃப்பி கெர்னல் அத்தனையையும், தொடாது. அதை 'என்' (இல்லை) ஆக்குங்கள். அப்புறம் ஃபெயில் என்த் என்ற கோப்பு. அந்தக் கோப்பில் 1 என்று எழுதினால் உங்கள் டாஸ்க்கின் முதல் ஒதுக்கீடு தோற்கும். 2 எழுதினால் இரண்டாவது. ஒவ்வொரு எண்ணாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் டிரைவரைச் சாதனத்தோடு சேர்த்துப் பாருங்கள். பிறகு அந்தக் கோப்பைப் படித்துப் பூஜ்யம் வந்தால் தோல்வி நடந்தது. பூஜ்யத்துக்கு மேல் வந்தால் அந்த எண்ணை எட்டவில்லை, வழிகள் எல்லாம் முடிந்தன. கூடவே, தப்பான மெமரித் தொடுகையைப் பிடிக்கும் கேசானும், விடுவிக்காத மெமரியைப் பிடிக்கும் கேமெம்லீக்கும் ஓடட்டும். ஓடாத கோடு என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியும் வாழ்நாளில் ஒரு தடவைகூட நடக்காத ஒன்றுக்கு...

பதில்: சரி, இதோடு விடுவோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: அண்ணே, நெட்வொர்க் டிரைவர் எழுதுகிறேன். பேக்கெட் வந்த பிறகு புதிய பஃபர் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது?

பதில்: நல்ல கேள்வி. பலர் செய்வது: வந்த பஃபரை மேலே அனுப்பிவிட்டு, ரிங்கில் அந்த இடத்துக்குப் புதியது கேட்பார்கள். கிடைக்காவிட்டால் இடம் காலி. கொஞ்ச நேரத்தில் ரிங் முழுக்கக் காலி. பேக்கெட் வந்து இறங்க இடமில்லை. இறங்கினால்தான் ரிசீவ் இன்டரப்ட், அது வந்தால்தான் நிரப்பும் கோடு ஓடும் என்று எழுதியிருந்தால் கதை முடிந்தது. மெமரி திரும்பி வந்தாலும் கார்டு பேசாது. கிராஷ்கூட இல்லை.

முதலில் புதியதைக் கேளுங்கள். கிடைத்தால் பழையதை மேலே அனுப்பி, புதியதை ரிங்கில் வையுங்கள். கிடைக்காவிட்டால் வந்த பேக்கெட்டைக் கைவிட்டு, கைவிட்ட பேக்கெட்டுகளை எண்ணும் ஆர்எக்ஸ் டிராப்டு எண்ணை ஏற்றி, அதே பழைய பஃபரை ரிங்கில் திரும்ப வையுங்கள். ஒரு பேக்கெட் போனால் டிசிபி மறுபடி அனுப்பும். டிஎம்ஏ மேப் செய்யும்போது (பஃபரைச் சாதனத்துக்குக் காட்டும்போது) 'நல்' பார்க்காதீர்கள், அதற்கு டிஎம்ஏ மேப்பிங் எரர் என்ற தனிச் சோதனை.

கேள்வி: டிஸ்க் டிரைவருக்கும் இதே உத்தியா?

பதில்: இல்லை, அங்கே கைவிட முடியாது. மெமரி தீரும்போது கெர்னல் அழுக்குப் பக்கங்களை (மாறியும் இன்னும் டிஸ்க்கில் எழுதாதவை) டிஸ்க்கில் எழுதி இடம் தேடும். எழுத உங்கள் டிரைவர் மெமரி கேட்டு, அதற்கு மறுபடி டிஸ்க்கில் எழுத வேண்டி வந்தால் வட்டம்தான். அதனால் டிஸ்க்கில் எழுதத் தொடங்காமல் மெமரி தேடும் ஜிஎஃப்பி நோஐஓ கொடி, கூடவே மெம்பூல். மெம்பூல் சில பொருள்களை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும். மற்ற வழி தோற்றால், முந்தைய கோரிக்கை முடிந்து ஒன்று திரும்பி வரும்வரை காத்திருக்கும். இதுவும் வாங்குவது முதலில்தான்.

கேள்வி: வாங்கிய மெமரியின் அளவை மாற்றும் கேரியலாக் தோற்றால்?

பதில்: பழைய மெமரி அப்படியே இருக்கும். பதிலை அதே பாயின்ட்டரில் வாங்கியிருந்தால் அதன் முகவரியைத் தொலைத்துவிட்டீர்கள், லீக். வேறொரு மாறியில் வாங்குங்கள்.

கேள்வி: பயனர் தரும் எண்ணிக்கையைப் பெருக்கி கேமல்லாக் கேட்கிறேன். 'நல்' பார்க்கிறேன். போதுமா?

பதில்: பெருக்கல் எல்லை தாண்டிச் சுற்றிவந்தால் சின்ன மெமரி வெற்றிகரமாகக் கிடைக்கும், அதைத் தாண்டி எழுதுவீர்கள். கேமல்லாக் அரே பயன்படுத்துங்கள், அது பெருக்கலையும் சோதிக்கும். எண்ணிக்கை பூஜ்யமானால் வருவது 'நல்'லே இல்லை, தொட்டால் விழும் ஒரு போலி முகவரி.

கேள்வி: விண்டோஸில்?

பதில்: அங்கே மெமரி கேட்கும் எக்ஸ்அலகேட்பூல்2 'நல்' தந்தால் ஸ்டேட்டஸ் இன்சஃபீஷியன்ட் ரிசோர்சஸ் என்ற பிழை எண்ணைத் திருப்புங்கள். டிரைவர் வெரிஃபையரில் லோ ரிசோர்சஸ் சிமுலேஷனை ஆன் செய்து ஓட்டுங்கள்.

கேள்வி: ரஸ்ட் மொழியில் எழுதினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: பாதி தீரும். 2021-இல் ரஸ்ட் பேட்ச்கள் வந்தபோது, ஒதுக்கீடு தோற்றால் பேனிக் (எல்லாம் நின்றுபோவது) என்பதை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏற்கவில்லை. இப்போது கெர்னல் ரஸ்டில் ஒதுக்கீடு, வெற்றியா தோல்வியா என்று சொல்லும் ரிசல்ட்டைத்தான் திருப்பும், பார்க்காமல் தாண்ட முடியாது. விடுவிப்பும் தானாக நடக்கும். ஆனால் ஃபங்ஷனுக்குள் இருக்கும் மாறிகள் எதிர்வரிசையில் விடுவிக்கப்படும், ஸ்ட்ரக்டின் உறுப்புகளோ அறிவித்த வரிசையிலேயே விடுவிக்கப்படும். பஃபரை மேலே, இன்டரப்டைக் கீழே எழுதினால் பழைய கதைதான்.

கேள்வி: என் பிரிண்டர் டிரைவர் இன்ஸ்டால் ஆகவில்லை, மெமரி போதவில்லை என்கிறது.

பதில்: தப்பான ஆளிடம் வந்திருக்கிறீர்கள். பிரிண்டர் தயாரித்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: சார், 'நல்' பார்த்து ஈநோமெம் திருப்பினால் போதுமா?

பதில்: இரண்டாவது கேள்வியின் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டெவ்எம் வகையில் மெமரி கேட்கும் டெவ்எம் கேசலாக்குக்கும் 'நல்' பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டும்.