படித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: நாவல்களிலிருந்து வந்த தொடர்கள். மாவட்ட நூலகத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் எனக்குப் பிடித்த விவாதமும் இதுதான். அதனால் இந்த இதழின் பகுதியை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். இன்னும் தொடவில்லை. நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்க்கும் முன் படித்துவிட வேண்டுமா? கதை தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடாதா?
*– ஒரு வாசகி, கும்பகோணம்*

படித்துவிட்டே பாருங்கள். சுவாரசியத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த நாவல் தன் கதையைத் தானே முன்கூட்டிச் சொல்லிவிடுகிற நாவல். முதல் வாக்கியத்திலேயே கர்னல் அவ்ரேலியானோ புயேந்தியா துப்பாக்கிப் படையின் முன் நிற்கிறார். கொஞ்ச தூரம் போனதும், அவர் 32 கலகங்கள் நடத்தி அத்தனையிலும் தோற்றார், 17 பெண்களிடம் 17 மகன்கள் பிறந்து அத்தனை பேரும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள், அந்தத் துப்பாக்கிப் படையிடமிருந்துகூட அவர் தப்பிவிட்டார் என்று ஒரே பத்தியில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார் ஆசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ். இவ்வளவும் தெரிந்த பிறகும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை என்றால், பிடித்து வைத்திருப்பது 'அடுத்து என்ன' என்கிற ஆவல் இல்லை. சொல்லும் விதம்.

அந்தச் சொல்லும் விதத்தைத் தொடர் எங்கே தொட்டது, எங்கே மாற்றியது என்பது படித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். நான் பலமுறை படித்தவன், அக்கா ஒரு பக்கமும் படிக்காதவர். தொடரில் கதை ஏறக்குறைய கால வரிசையில் போகிறது. பாழடைந்த வீட்டை ஆரம்பத்தில் ஒருமுறை காட்டிவிட்டு, அப்புறம் ஹோசே அர்க்காதியோ புயேந்தியாவுக்கும் உர்சுலாவுக்கும் கல்யாணம், சேவல் சண்டையில் வந்த தகராறு, புருதென்சியோ அகிலாரின் கொலை, ஊரைவிட்டுக் கிளம்புவது, மகோந்தோவை உருவாக்குவது. அக்காவுக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்தது. "பாவத்தைச் செய்துவிட்டு ஓடி வந்து கட்டின ஊர், எப்படி விளங்கும்?" என்றார்.

நாவலில் வரிசை வேறு. மகோந்தோதான் முதலில் வருகிறது. பளிங்கு போன்ற ஆறு, 20 வீடுகள், காந்தத்தோடு வரும் ஜிப்சிகள், பனிக்கட்டி. அந்த ஊர் நமக்குப் பிடித்துப்போன பிறகு, இரண்டாவது அத்தியாயத்தில்தான் அந்தக் கொலையைச் சொல்கிறார். அதற்குள் அந்தத் தம்பதி நமக்கு வேண்டியவர்களாகிவிடுகிறார்கள். செத்தவனின் ஆவி தண்ணீர் தேடி அலைவதைப் பார்த்து உர்சுலா வீடு முழுக்கத் தண்ணீர் வைக்கும் இடத்தில், நமக்கு அவள் மேலும் இரக்கம் வருகிறது, அவன் மேலும் இரக்கம் வருகிறது. தொடர் பார்ப்பவர் குற்றத்திலிருந்து ஊருக்குப் போகிறார், நாவல் படிப்பவர் ஊரிலிருந்து குற்றத்துக்கு வருகிறார். நடந்த சம்பவங்கள் ஒன்றுதான். அக்காவின் தீர்ப்பு எனக்கு ஏன் தோன்றவேயில்லை என்பதற்கு இந்த வரிசைதான் காரணம். இயக்குநர்கள் அலெக்ஸ் கார்சியா லோபெஸ், லவ்ரா மோரா இருவரும் எடுத்த மிகப் பெரிய முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். நாவலைத் திறக்காதவருக்கு அது ஒரு முடிவு என்பதே தெரியாது, கதையே அப்படித்தான் என்று தோன்றும்.

இன்னொரு இடம். மகன் ஹோசே அர்க்காதியோ சாகும்போது அவனுடைய ரத்தம் கதவுக்குக் கீழே வழிந்து, தெருவில் இறங்கி, மூலையில் திரும்பி, தாயின் வீட்டுக்கே போய்ச் சேருகிறது. 36 முட்டைகளை உடைத்து ரொட்டி செய்யத் தயாராகிக்கொண்டிருக்கும் உர்சுலாவின் சமையலறை வரைக்கும். தொடரில் இதை மிக நன்றாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் நாவலில் அந்த ரத்தம் தரைவிரிப்புகளில் கறை படக்கூடாது என்று சுவர் ஓரமாக ஒதுங்கிப் போகும். செத்த பிறகும் அம்மா வீட்டு விரிப்பு அழுக்காகிவிடக்கூடாது என்கிற மகனின் கரிசனம் அது. ரத்தம் போகும் பாதையைக் கேமராவால் காட்ட முடியும், அதன் மனத்தைக் காட்ட முடியாது. படித்தவர் அதையும் சேர்த்தே பார்ப்பார். எனக்குக் கண் கலங்கியது அந்த வரி நினைவில் இருந்ததால்தான். அக்காவுக்கு அது ஓர் அதிசயக் காட்சி, அவ்வளவே.

முகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்க்கேஸ் 2014இல் இறக்கும் வரை இந்த நாவலைப் படமாக்க உரிமை கொடுக்கவே இல்லை. வாசகர்கள் இந்தப் பாத்திரங்களைத் தங்களுக்குத் தெரிந்த முகங்களில் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு சினிமாவின் நேரத்துக்குள் இது அடங்காது, ஸ்பானிய மொழியில்தான் எடுக்க வேண்டும் என்றும் நினைத்தார். அவருடைய மகன்கள் ரோத்ரிகோ, கொன்சாலோ இருவரும் தயாரிப்பில் சேர்ந்துகொள்ள, 2019இல் நெட்ஃபிளிக்ஸ் உரிமை பெற்றது. கொலம்பியாவில், ஸ்பானிய மொழியிலேயே எடுத்தார்கள். மொத்தம் 16 எபிசோடுகள் என்று அறிவித்து, முதல் 8 எபிசோடுகளை 2024 டிசம்பர் 11 அன்று வெளியிட்டார்கள். நேரமும் மொழியும் அவர் விருப்பப்படி நடந்துவிட்டன. முகம் மட்டும்தான் பாக்கி, அது உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் உர்சுலா உங்கள் ஊர்ப் பாட்டி ஒருத்தியின் சாயலில் ஒருமுறையாவது வந்து போகட்டும். நடிகையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அவர்தான் வருவார். அதை அழிக்க வழியே கிடையாது.

அலமாரியில் இருப்பது ஞாலன் சுப்பிரமணியன், சுகுமாரன் மொழிபெயர்ப்பில் காலச்சுவடு வெளியிட்ட பதிப்பாக இருந்தால், இன்றைக்கே எடுங்கள்.

அதே நாவலைப் பலமுறை தொடங்கிவிட்டேன். எல்லோருக்கும் ஒரே பெயர்! யார் அப்பா, யார் மகன் என்று தெரியாமல் எண்பதாவது பக்கத்தில் விட்டுவிடுகிறேன். என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?
*– ஒரு வாசகர், திருநெல்வேலி*

நீங்கள் முதலில் தொடரைப் பாருங்கள். கும்பகோணத்து வாசகிக்குச் சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன், தெரிந்தேதான். அவர் இன்னும் தொடங்கவில்லை. நீங்கள் தொடங்கித் தொடங்கிச் சலித்துப்போனவர். முகத்தைத் தொடர் தீர்மானித்துவிடும் என்பது உங்கள் விஷயத்தில் நஷ்டம் இல்லை, அந்த முகங்கள்தான் இப்போது உங்களுக்குத் தேவை. தாடி வைத்த அப்பா, முரட்டு மூத்த மகன், பட்டறையில் தங்க மீன் செய்யும் அமைதியான இளையவன் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் பெயர் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஆனால் எட்டையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று எபிசோடுகளோடு நிறுத்திவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்புங்கள். திரும்பியதும் ஒன்று கவனியுங்கள். ஒரே பெயர்கள் வேண்டுமென்றேதான் வருகின்றன. அவ்ரேலியானோ என்று பெயர் வைத்தவர்கள் ஒதுங்கியே இருப்பார்கள், கூர்மையான புத்தி. ஹோசே அர்க்காதியோக்கள் அவசரக்காரர்கள், துணிச்சல்காரர்கள், முடிவு சோகம்தான். உர்சுலாவே இதைக் கண்டுபிடித்துச் சொல்கிறாள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் உள்ள குடும்பத்தில் பிறந்த உங்களுக்கு இது புரியாமல் போகாது. முன்பக்கத்தில் வம்ச அட்டவணை இருந்தால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் பிரதியில் அது கிழிந்துபோகும் அளவுக்குப் புரட்டியிருக்கிறேன்.

டப்பிங்கில் பார்க்க வேண்டாம், ஸ்பானிய ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள். நடுவே கதைசொல்லியின் குரல் வருகிறது, அது நாவலின் வரிகளையே பேசுகிறது. நாவலில் உரையாடல் மிகக் குறைவு. தன் பாட்டி எந்த முகபாவமும் காட்டாமல் அதிசயங்களைச் சொல்வாரே, அந்தத் தொனியைத்தான் பிடித்ததாக மார்க்கேஸ் சொல்லியிருக்கிறார். பாத்திரங்கள் பேசும் வசனங்களில் பெரும்பகுதி தொடருக்காக எழுதப்பட்டவை. அந்தக் குரல் ஒலிக்கும் இடங்கள்தான் புத்தகத்துக்கு மிகவும் பக்கத்தில் இருக்கின்றன.

'ஷோகன்' தொடரின் கடைசியில் பெரிய போர் வரும் என்று காத்திருந்து ஏமாந்தேன். நாவலில் போர் உண்டா?
*– ஒரு வாசகர், கோயம்புத்தூர்*

கிட்டத்தட்ட இல்லை. ஜேம்ஸ் கிளாவெல் 1975இல் எழுதிய அந்த நாவல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். அவ்வளவு எழுதியவர் போரைக் கடைசியில் சில வரிகளில் முடித்துவிடுகிறார். தொரானாகா என்கிற பாத்திரத்துக்கு மூலமான ஜப்பானியத் தலைவர் தொகுகாவா இயேயாசு 1600இல் செகிகாஹாரா போரில் வென்றது சரித்திரம். நாவலுக்கு முக்கியம் அந்தப் போர் நடக்கும் முன்பே வெல்லப்பட்டுவிட்டது என்பதுதான். 2024 தொடரும் அதே இடத்தில்தான் நிற்கிறது. படித்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார்கள், படிக்காதவர்களில் பலர் உங்களைப் போல அடுத்த எபிசோடைத் தேடினார்கள். 'கடைசியில் போர் இல்லை' என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் உங்கள் ரசனை கூடியிருக்கும் என்றே நம்புகிறேன். மரிகோ என்கிற பெண்ணின் கதைதான் உச்சம் என்பது அப்போது தெளிவாகத் தெரிந்திருக்கும்.

இந்த நாவலுக்கு 1980இலும் ஒரு தொடர் வந்தது. அதில் ஜப்பானியர்கள் பேசுவதற்குப் பெரும்பாலும் சப்டைட்டில் கிடையாது. ஆங்கிலேய மாலுமி பிளாக்தார்னுக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவே நமக்கும். 2024 தொடரில் பெரும்பகுதி ஜப்பானிய மொழி, சப்டைட்டிலோடு. நாவல் மாலுமியின் மனத்தோடு நிற்காமல் ஜப்பானியப் பாத்திரங்களின் மனத்துக்குள்ளும் போய் வருகிறது. அந்த வகையில் புதியதுதான் நாவலுக்கு நெருக்கம். இரண்டு தொடர்களையும் பார்த்தவருக்குக்கூட ஏன் இந்த வித்தியாசம் என்பது புத்தகத்தைப் படித்தால்தான் விளங்கும்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்க்கும்போது புத்தகம் படித்த நண்பன் "இது இப்படி இல்லை, அது அப்படி இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். எரிச்சலாக இருக்கிறது.
*– ஒரு மாணவர், வேலூர்*

உங்கள் எரிச்சல் நியாயமானது. படித்ததைத் தணிக்கை அதிகாரி மாதிரி பயன்படுத்தினால் படித்தவருக்கும் பயன் இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் நிம்மதி இல்லை. அவரிடம் வேறு கேள்வி கேளுங்கள்: "ஏன் மாற்றினார்கள் என்று நினைக்கிறாய்?"

மூன்றாவது பருவத்தின் ஒன்பதாவது எபிசோடில் வரும் கல்யாணப் படுகொலையைக் காட்டிக் கேளுங்கள். (இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) தொடரில் ராப் ஸ்டார்க்கின் மனைவி கர்ப்பிணி, அங்கேயே கொல்லப்படுகிறாள். 2000இல் வந்த நாவலில் அவன் மனைவி வேறொரு பெண், அந்த விருந்துக்கு வரவே இல்லை. நாவலில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே ஒருவரின் பார்வை. அந்தப் படுகொலையை நாம் அவனுடைய தாய் கேட்லினின் மனத்துக்குள் இருந்தே பார்க்கிறோம், அவள் புத்தி பேதலிப்பது வரைக்கும். திரையில் அந்த மனம் கிடையாது. அந்த வலியின் கனத்தை வெளியே வேறொரு உடலில் காட்ட வேண்டியிருந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் நண்பர் வேறு விதமாகச் சொல்லலாம். அப்படி ஒரு பேச்சு நடந்தால் அவர் படித்தது உங்களுக்கும் பயன்படும்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு 'மால்குடி டேஸ்' போட்டுக் காட்டலாமா, முதலில் ஆர்.கே. நாராயணைப் படிக்க வைக்கவா?
*– ஒரு வாசகி, தஞ்சாவூர்*

தாராளமாகப் போட்டுக் காட்டுங்கள், சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். சங்கர் நாக் 1980களில் தூர்தர்ஷனுக்காகக் கர்நாடகத்தின் அகும்பேயில் எடுத்தது. எல். வைத்தியநாதனின் இசை, ஆசிரியரின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள். பெரும்பாலும் ஒரு எபிசோடுக்கு ஒரு கதை என்பதால் நீண்ட நாவலைச் சுருக்கும் அவஸ்தையே இல்லை. எதை முதலில் செய்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

ஸ்வாமியின் கதைகள் அவளுக்குப் பிடித்துவிட்டால், 1935இல் வந்த 'ஸ்வாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' நாவலை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பரீட்சைக்கு முன் ஸ்வாமி தனக்குத் தேவையான பேப்பர், நிப் என்று ஒரு பட்டியல் போட்டு அப்பாவிடம் கொண்டுபோகும் அத்தியாயம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாம், முன்கதை தெரிய வேண்டிய அவசியமில்லை.